லீவ், லெஃப்ட், லெஃப்ட்

ஆரணியில் ஒன்றாகப் படித்த நம் வயதுக்காரர்கள் யாரும் லீவ் லெட்டரை மறந்திருக்க மாட்டீர்கள். இங்கிலீஷில் வேறு எது வராவிட்டாலும், ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கிவிட்டால் மூச்சு விடாமல் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ வரை வந்துதான் நிற்போம். சித்தப்பா கல்யாணத்துக்குப் போவதற்கும் ஜுரம்தான். படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போவதற்கும் ஜுரம்தான். ஆரணியில் பிறந்த பிள்ளைகளுக்கு லீவ் என்ற சொல் அப்படித்தான் அறிமுகம் ஆனது. அதற்கு வேறு அர்த்தமும் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தாலும் நாம் காதில் வாங்கியிருக்க மாட்டோம்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மருமகள். அவள் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் சீனத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். கடைத்தெருவில் புடவைக் கடைகள் திறப்பதற்கு முன்பே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடி அறையில் உட்கார்ந்துவிடுவாள். அங்கே பொழுது நமக்கு முன்னால் விடிந்துவிடுமாம். அந்த நேரத்தில் நான் மிக்ஸி போடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. என்னிடம் சொன்னால் கேட்பேன், குக்கருக்கு யார் சொல்வது?

போன வாரம் ஒருநாள் வகுப்பை முடித்துவிட்டுக் கீழே வந்தவள், காபியைக் கையில் வாங்கும்போதே சலித்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு வெர்புக்கு இன்னிக்கு கிளாஸ் பூரா போயிடுச்சு அத்தை. லீவ். அதை வெச்சுகினு பேஜார் பண்ணிட்டாங்க பசங்க.”

“லீவுல இன்னா கஷ்டம்?”

“அவங்க பாஷையில அதுக்கு ரெண்டு வார்த்தை. கெளம்பிப் போயிடறதுக்கு லீகாய். ஒருத்தரை இங்கயே இருக்க வெச்சுட்டுப் போறதுக்கு லியூஷ்யா. போறதுக்கும் இருக்கறதுக்கும் எப்பிடி மிஸ் ஒரே வார்த்தை இருக்கும்னு கேக்கறாங்க. நியாயந்தானே?”

நியாயந்தான் என்றேன். அவள் காபியைக் குடித்துவிட்டு மேலே போய்விட்டாள். நான் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அடுப்படியிலேயே நின்றேன். எங்கிருந்தோ கிராம்புத் தைலத்தின் வாசனை வந்தது. வீட்டில் கிராம்புத் தைலம் இல்லை. அது எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய வாசனை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு சீனாக்காரப் பல் டாக்டர் கடை இருந்ததே, நினைவிருக்கிறதா? ஈறும் பல்லுமாக ஒரு பெரிய வாயைப் பலகையில் வரைந்து மாட்டியிருப்பார்கள். இருட்டியபிறகு அந்தப் பலகையைப் பார்க்காமல் ஓடிவருவோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள், வந்து அதிக நாள் ஆகவில்லை. டாக்டருக்குத் தமிழ் ஓரளவு வரும். நம் வகுப்பில் சேர்ந்த அவர்களுடைய பெண், தெருவில் ஆடிய ஆட்டத்திலேயே தமிழைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்குத்தான் தமிழ் ஏறவில்லை. நோயாளிகளுக்கு வாய் கொப்பளிக்க டம்ளரில் வெந்நீர் கொடுப்பது அவர் வேலை. அந்த வேலைக்கு வேண்டிய தமிழ் மட்டும் தெரியும். வாயைத் தொற. துப்பு. வலிக்குதா. நாளைக்கு வா. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் இதை வைத்துத்தான் சமாளிப்பார். மூடியிருக்கும் கூடையைக் காட்டி “வாயைத் தொற” என்பார், கூடைக்காரம்மா சிரித்துக்கொண்டே திறப்பாள்.

என் அம்மா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கையில் அவளிடம் பிரம்படி வாங்கியிருப்பீர்கள். அவளிடம் டாக்டரம்மா சாயங்காலத்தில் இங்கிலீஷ் படிக்க வந்தார். எந்த ஊருக்குப் போனாலும் இங்கிலீஷ் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது டாக்டரின் எண்ணம். எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்கு மேலே அம்மா கத்திப் பாடம் நடத்துவாள். நானும் அந்தப் பெண்ணும் மூலையில் உட்கார்ந்து, பல் டாக்டர் கொடுத்த ஒரு சுண்ணாம்பு அச்சுத் தாடையை வைத்து விளையாடிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்போம். அந்தத் தாடையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. அந்தப் பள்ளத்தில் புளியங்கொட்டையை வைத்து நாங்கள் வைத்தியம் பார்ப்போம்.

ஒருநாள் அம்மா லீவ் பாடத்துக்கு வந்தாள்.

“லீவ், லெஃப்ட், லெஃப்ட். சொல்லுங்க.”

டாக்டரம்மா சொன்னார். நாங்களும் மூலையிலிருந்து சொன்னோம். தறியும் கூடவே சொன்னது போல எனக்கு ஒரு நினைவு. டாக்டரம்மா தன் இடது கையைத் தூக்கிக் காட்டி, “லெஃப்ட்?” என்றார்.

“அதுவும் லெஃப்ட்தான். ஆனா அது வேற, இது வேற. லீவ்னா விடு. லீவு விட்டாச்சுன்னு சொல்றோமில்ல, அந்த விடு,” என்று அம்மா தமிழில் விளக்கினாள். அதைப் பெண்தான் சீனத்தில் தன் அம்மாவுக்குச் சொன்னாள். என்னவென்று சொன்னாளோ, டாக்டரம்மாவின் முகம் இன்னும் குழம்பியது. அவர் எழுந்து நின்றார். ஒரு கையை வாசல் பக்கம் வீசிக் காட்டி, “திஸ்?” என்றார். பிறகு குனிந்து, உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்து, “திஸ்?” என்றார்.

அம்மாவுக்கு அடுப்பில் பால். “போத், போத்,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

டாக்டரம்மா இன்னும் கொஞ்ச நேரம் தரையில் கையை வைத்தபடியே இருந்தார். அன்றைக்கு எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நாங்களும் தரையில் கையை வைத்து ‘திஸ், திஸ்’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மருமகள் சொன்ன அந்த இரண்டு வார்த்தையில் எது என்றுதான் அவர் கேட்டார் என்பது, போன வாரம் வடிகட்டியோடு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்த சமயம். டாக்டர் அவசரமாகக் கல்கத்தா போய்விட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அடுத்த சில நாளில் ஒரு மத்தியானம் டாக்டரம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“டீச்சர். கல்கத்தா. டுமாரோ. ஐ லீவ் ஹெர். ப்ளீஸ்.”

அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தாள். பெண்ணை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறார், பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கிறார்.

“எஸ், எஸ். லீவ். நோ ப்ராப்ளம். ஹௌ மெனி டேஸ்?”

“ஐ டோன்ட் நோ, டீச்சர்.”

“ஆல் ரைட், ஆல் ரைட். ஐ வில் டேக் கேர்.” ஹெட்மாஸ்டரிடம் தான் சொல்லிக்கொள்வதாக அம்மாவின் கணக்கு.

டாக்டரம்மா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்று அழுதுவிட்டுப் போனார். அம்மா ஈரமான கையை முந்தானையில் துடைத்தபடி அப்பாவிடம் சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது.

“ஒரு லீவு கேட்டதுக்கா இவ்ளோ அழுவாங்க?”

மறுநாள் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். அப்போதெல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்னால், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டு இழைகளை இழுத்துக் கட்டி வைப்பார்களே, அந்த நேரம். தெரு முழுக்க மஞ்சள் வெளிச்சம் இடுப்பு உயரத்தில் மிதப்பதுபோல இருக்கும். நான் கோலமாவுக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தேன். அந்தப் பாவுக்குக் கீழே குனிந்து குனிந்து டாக்டர் வீட்டுப் பெண் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் தகரப்பெட்டி, இன்னொரு கையில் சிவப்பு ஃபிளாஸ்க். எங்கள் வாசலுக்கு வந்ததும் பெட்டியை இறக்கி வைத்தாள்.

“அம்மா மெட்ராஸ் பஸ் ஏறிட்டாங்க. டீச்சர் வூட்ல இருன்னு சொன்னாங்க.”

அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. லீவ் என்று சொன்னாளா, கடவுளே என்று சொன்னாளா தெரியாது.

அதற்குள் எதிர்வீட்டுப் பெரியம்மா பாவைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். “இன்னாடி இது அநியாயம்? பெத்த பொண்ண வுட்டுட்டு ஓடிட்டாளா? கடைய வேற பூட்டிகினு பூட்டாங்க. இனிமே எங்க வரப்போறாங்க?”

அப்பாவும் தறியை விட்டு எழுந்து வந்தார். “இவங்க கல்கத்தா அட்ரஸ் யாருக்குனா தெரியுமா? ஜல்தியா ஒரு தந்தி குடுக்கணும்.”

தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஹாஸ்டலில் சேர்க்கலாம் என்று ஒருவர், போலீசில் சொல்லலாம் என்று இன்னொருவர். அவள் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் தமிழ் நன்றாகத் தெரியுமே.

அம்மா அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். “யாரும் ஓடல. எங்கிட்ட கேட்டாங்க, நான்தான் சரின்னு சொன்னேன். பொண்ணு எங்க வூட்ல இருக்கும்,” என்றாள்.

இங்கிலீஷ் டீச்சருக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று ஊர் சிரிக்குமே என்று அப்படிச் சொன்னாள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன்.

அந்தப் பருவம் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. தூக்கத்தில் பார்த்ததுபோல் துண்டு துண்டாக வருகிறது. அவள் ஃபிளாஸ்க்கில் எப்போதும் வெந்நீர் வைத்துக் குடிப்பாள். நம் ஊரில் ஜுரம் வந்தால்தானே வெந்நீர்? அப்பா தினமும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “ஜுரம் இல்லியே, அப்புறம் இன்னாத்துக்கு?” என்பார். சில நாளில் அப்பாவும் வெந்நீருக்கு மாறினார். நெய்வதற்கு வரும் நூலில் உசத்தியானதைச் சைனாப்பட்டு என்று சொல்வார்களே, அந்தப் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார். “சைனாப்பட்டு சாப்ட்டுச்சா? சைனாப்பட்டு தூங்கிடுச்சா?” என்று தறியிலிருந்தே குரல் கொடுப்பார். ஹாஸ்டலில் சேர்க்கலாம் என்றதற்கு முதலில் தலையாட்டியவரும் அவர்தான்.

அம்மா எனக்குப் பின்னுவதுபோல அவளுக்கும் இரட்டைச் சடை பின்னுவாள். அந்த முடி நிற்காது. வகுப்புக்குப் போவதற்குள் ரிப்பன் வழுக்கி விழுந்துவிடும். அம்மா பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி மறுபடி பின்னுவாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். என் சடை ஒருநாளாவது அவிழ்ந்தால் என்ன என்று நானே ரிப்பனை இழுத்துவிட்டுப் பார்த்திருக்கிறேன், “பெரிய பொண்ணு, நீயே கட்டிக்கோ” என்று அம்மா சொல்லிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயது!

படுக்கும்போது அவள் மெதுவாக லீவ், லெஃப்ட், லெஃப்ட் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தூக்கம் வரும் வரைக்கும் அதுதான். ஒருநாள் தன் இடது கையை என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

“இது ஏன் லெஃப்ட்டு தெரியுமா?”

“ஏன்?”

“பஸ் ஸ்டாண்ட்ல அம்மா இந்தக் கையைத்தான் புடிச்சிகினு இருந்தாங்க. அப்புறம் வுட்டுட்டாங்க. வுட்ட கை, அதான் லெஃப்ட்டு.”

இதை மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். தப்பு கண்டுபிடிக்காமல் ஒரு வாக்கியத்தை விடாதவள் அம்மா. அன்றைக்கு அவள் எதுவும் திருத்தவில்லை. அப்பாவிடம் கேட்டு ஒரு சிவப்புப் பட்டு நூலை வாங்கி, அந்த இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

ஆடியில் படவேட்டுக்குப் போனோம். சந்தவாசல் வரை பஸ் கிடைத்தது, அதற்குமேல் யாருடைய மாட்டுவண்டியிலோ போனதாக நினைவு. மலையெல்லாம் மேகம் மூடியிருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் ஈரமுமாக ஒரு வாசனை. ரேணுகாம்பாளை நன்றாகப் பார்க்கட்டும் என்று அப்பா சைனாப்பட்டைத் தோளில் தூக்கிக் காட்டினார். அம்மனுக்கு அங்கே சிரசு மட்டும்தானே. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“உடம்ப எங்க வுட்டுட்டு வந்துச்சு?”

பூசாரிகூடச் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, கை கூப்பி, வெகுநேரம் வேண்டிக்கொண்டாள். டாக்டரம்மா நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்றுதான் வேண்டியிருப்பாள் என்று நான் அப்போது நம்பினேன். இந்த வயதில் யோசித்துப் பார்க்கையில் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கல்கத்தாவிலிருந்து ஒரு செய்தியும் வராத ஒவ்வொரு வாரமும் அம்மாவின் முகம் தெளிந்துகொண்டுதான் வந்தது. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனபிறகுதான் அவளுக்கு மூச்சே வரும். பெரணமல்லூர் அத்தை வந்தபோது, “எனக்கு ரெண்டு பொண்ணுங்க” என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னதை நானே கேட்டேன்.

புரட்டாசித் தூறலில் டாக்டரும் டாக்டரம்மாவும் வந்தார்கள். அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார்கள். டாக்டர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து தன் தமிழில் சொன்னார். அவர் அண்ணனுக்கு டி.பி.யாம். வீடு முழுக்க இருமலாம். அண்ணன் பிள்ளைகளில் ஒன்றுக்கும் வந்துவிட்டதாம்.

“அந்த வூட்டுக்கு இவளை எப்பிடிக் கூட்டிப் போறது? அதான் என் சம்சாரம் டீச்சர்கிட்ட கேட்டாங்க. டீச்சர் உடனே எஸ் சொன்னாங்க. பேப்பர்ல தொட்டு எழுதினா அதுல நோய் வருமோன்னு அவங்களுக்குப் பயம். கடுதாசிகூட போடக்கூடாதுன்னுட்டாங்க.”

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டரின் அண்ணன் இறந்துவிட்டார். கல்கத்தாவில் அவர் வைத்திருந்த பல் கடையை இவர்தான் இனி பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டை வெள்ளையடித்து மருந்தடித்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மகளை அழைத்துப்போக வந்திருக்கிறார்கள்.

டாக்டர் வீட்டுச் சாமான்களைக் கட்டி முடிக்கும்வரை அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. புறப்படும் அன்று காலையில் பெண்ணுக்குத் தலைவாரிவிட உட்கார்ந்தாள். பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார், நெய்யவில்லை. டாக்டரம்மா உள்ளே வந்து மகளின் இடது கையைப் பிடித்தார். சிவப்பு நூலைத் திருப்பிப் பார்த்தார். பெண் எழுந்தாள். அவளுடைய வலது கையை அம்மா விடவில்லை.

“லீவ் ஹெர்,” என்றாள் அம்மா.

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். அவர் நிதானமாக ஒரு கையை வாசல் பக்கம் வீசிக் காட்டினார். “திஸ்?” பிறகு குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்தார். “திஸ்?”

அம்மாவும் குனிந்து, டாக்டரம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையைத் தரையில் அழுத்தி வைத்தாள். அப்படியே அழுதாள். என் அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

டாக்டரம்மா கீழே உட்கார்ந்தார். பல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பிடிப்பதுபோல, அம்மாவின் மோவாயைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். ஏதாவது சொல்ல வேண்டும். இங்கிலீஷில் அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

“வலிக்குதா?” என்றார்.

அம்மா தலையாட்டினாள்.

“நாளைக்கு வா,” என்றார் டாக்டரம்மா.

அவர்கள் கையில் பெட்டி இருந்தது, மெட்ராஸ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பாவு நீட்டாத வெறும் தெருவில், தூறலில், மூன்று பேரும் போனார்கள். சிவப்பு ஃபிளாஸ்க்கை அவள் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறந்து வைத்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா என்று அப்பாவும் நானும் பலநாள் பேசியிருக்கிறோம். ஏதோ ஒரு வீடு மாற்றத்தில் அதுவும் போயிற்று, அந்தத் தாடையும் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா நேராக வீட்டுக்கு வரவில்லை. நான் பின்னாலேயே போனேன். முனையில், பலகை கழற்றிய அந்தப் பூட்டின கடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள்.